பட்டி: ஓர் ஒலிக்குப் பல பிறப்பு

வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகும் வழியில் ஒரு மாலை. சோளத்தட்டு அறுத்து முடிந்த காட்டில் பெரியவர் ஒருவர் படல்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கிளுவை வேலிக்கு அந்தப்புறம், கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்துவிட்டு வந்த செம்மறிகள் காத்து நின்றன. நாலு பக்கமும் படல் நின்றதும் ஒரு மூலையைத் திறந்துவிட்டார். ஆடுகள் தாமாகவே உள்ளே போயின. ஓரத்தில் கொடாப்புக் கூடைக்குள் குட்டிகள் கத்தின.

“ஏனுங்கண்ணா, பட்டிய எப்ப மாத்துவீங்க?”

“நாளான்னைக்கு வெடியால மாத்தீருவமுங்க தம்பி. ஒரு எடத்துல மூணு ராவு படுத்தாப் போதுமுங்க, அந்த மண்ணுக்கு.”

அவர் சொன்ன ‘பட்டி’ வீடோ ஊரோ இல்லை. படலை எடுத்தால் அது இல்லை. வேறு இடத்தில் நட்டால் அங்கே அது இருக்கிறது. புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்குவதற்காக இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அடைப்பு. கொங்குநாட்டில் மாட்டைக் கட்டும் இடத்துக்குக் கட்டுத்தரை என்று பெயர். அங்கே கயிறும் முளைக்குச்சியும் உண்டு. பட்டியில் கயிறு கிடையாது. உயிர்கள் அவிழ்ந்தே கிடக்கும், வேலிதான் அவற்றைக் காக்கும். இந்த வேறுபாட்டைக் குடியானவர் வீட்டுக் குழந்தைகூடத் தவறவிடாது.

அன்று இரவு கோயம்புத்தூர் திரும்பினேன். மறுநாள் தையற்கடையில் நிற்கும்போது, ஊக்குப் பட்டியைக் கொஞ்சம் அகலமாக வைக்கச் சொல்லி ஓர் அம்மணி ரவிக்கைத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்க்கட்டடத்தில் சுவருக்கு இரண்டாம் கை பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்கள் பெயிண்டர்கள். அந்த வார இறுதியில் வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனபோது, ஒரு வீட்டு இரும்புக் கதவில் மலையாளத்தில் எழுதியிருந்தது: ‘பட்டியுண்டு, சூக்ஷிக்குக’. அங்கே பட்டி என்றால் நாய்.

ஒரு வாரத்துக்குள் நான்கு பட்டிகள். நான்கும் எழுத்தால் ஒன்று, ஒலியால் ஒன்று. பிறப்பாலும் ஒன்றா என்ற கேள்வியோடு இரண்டு ஆண்டுகளாக அகராதிகளையும் ஆட்களையும் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஓசை ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது நம்மிடையே பெருகிவிட்ட காலம் இது. எந்த நாட்டுச் சொல்லையும் பிடித்துத் தமிழோடு முடிச்சுப் போடும் உற்சாகம் மேடைகளில் கைதட்டல் வாங்குகிறது. தமிழின் மேல் உள்ள பற்றினால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பற்று உண்டு. ஆனால் ஒரு சொல்லின் உண்மையான சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பொய்ச் சொந்தங்களை முதலில் விலக்கியாக வேண்டும்.

ஆட்டுப் பட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி பட்டி என்ற சொல்லுக்கு மாட்டுக் கொட்டில், ஆட்டுக் கிடை, ஊர் என்று பொருள்களை அடுக்குகிறது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) இந்தச் சொல்லுக்குத் தென்னிந்திய மொழிகளில் இருக்கும் உறவுகளை ஓரிடத்தில் கூட்டி வைத்திருக்கிறது. அவற்றில் முக்கியமான சாட்சி நமக்குப் பக்கத்திலேயே, மலைமேல் இருக்கிறது.

நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதி. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் படுகர் ஊர்கள் தொடங்கும். படுகர் தம் ஊரை ‘ஹட்டி’ என்பார்கள். குன்னூர்ப் பக்கத்துப் பேரட்டி, உதகைப் பக்கத்துத் தும்மனட்டி ஆகிய பெயர்களின் கடைசியில் நிற்கும் அட்டி இந்த ஹட்டிதான். ‘பேரட்டி’யை வெள்ளைக்காரர்கள் எழுதியபோது நடுவில் ஹகரம் போட்டே எழுதினார்கள். தமிழ் எழுத்தில் அது மறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

கீழே பட்டி, மேலே ஹட்டி. இது வெறும் ஒலி ஒற்றுமை இல்லை. விதிப்படி நடந்த மாற்றம். கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த பகரம், ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டில் தொடங்கி அடுத்த சில நூற்றாண்டுகளில் ஹகரமாக மாறியது. நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு. புலி ஹுலி. பள்ளி ஹள்ளி. அதே வரிசையில் பட்டி ஹட்டி ஆயிற்று. சித்திரதுர்க்கம், தும்கூர்ப் பக்கங்களில் ஆடு மாடு மேய்க்கும் ‘கொல்ல’ இடையர்களின் குடியிருப்புக்கு இன்றும் ‘கொல்லரஹட்டி’ என்றே பெயர். தொழுவம், தொழுவத்தைச் சுற்றி மனிதர்கள், பிறகு ஊர் என்று பொருள் நகர்ந்த பாதை அந்தப் பெயரில் அப்படியே தெரிகிறது.

அதே கன்னடத்தில் பகரத்தோடு ‘பட்டி’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பட்டியல் என்று பொருள். வாக்காளர் பட்டியல் அங்கே ‘மததாரர பட்டி’. ஆட்டுப் பட்டி ஹட்டியாக மாறியபோது இந்தப் பட்டி மட்டும் ஏன் மாறவில்லை? மாற்றம் நடந்த காலத்தில் அது அந்த வீட்டில் இல்லை என்பதே விடை. பகரம் ஹகரமாகி முடிந்த பிறகு வெளியிலிருந்து வந்து சேர்ந்த சொல் அது. வீட்டுப் பிள்ளைக்கு அம்மை வந்து தழும்பு இருக்கிறது. பிறகு வந்த விருந்தாளிக்குத் தழும்பு இல்லை. கன்னடத்தின் இந்த ஒரு தழும்பு, இரண்டு பட்டிகளும் வேறு வேறு என்று ஐயமறக் காட்டிவிடுகிறது. தமிழுக்குள்ளேயே இருந்துகொண்டு பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் நம் பகரம் மாறவில்லை. தாய்வீட்டில் மறைந்திருக்கும் செய்தியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழை ஆராய்கிறவர்கள் கன்னடமும் படுகமும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

விருந்தாளியின் ஊர் எது? வடமொழியில் ‘பட்ட’, ‘பட்டிகா’ என்று சொற்கள் உண்டு. துணிக் கீற்று, பலகை, தகடு, எழுதிக் கொடுக்கும் ஓலை, செப்பேடு ஆகியவற்றை அவை குறிக்கும். இந்தி ‘பட்டி’ அந்த வழியில் வந்தது: புண்ணுக்குச் சுற்றும் துணி, நீளமான கீற்று, நிலத்தின் ஒரு பங்கு. எழுதின ஓலை என்ற பொருள் மராத்தியில் கணக்குக்கும் வரிக்கும் நீண்டது. அங்கே வீட்டு வரி ‘கர்பட்டி’, தண்ணீர் வரி ‘பாணிபட்டி’. நம் வருவாய்த் துறைப் ‘பட்டா’ இந்தக் குடும்பம். தையற்கடையில் கேட்ட ஊக்குப் பட்டியும் பட்டன் பட்டியும் இந்தக் குடும்பம். திருப்பூரில் பனியன் தைக்கும் ஆயிரக்கணக்கான கைகள் நாள் முழுக்கப் பட்டி பட்டி என்று சொல்லிக்கொண்டு தைப்பது இந்தத் துணிக்கீற்றைத்தான். நாற்பது மைல் தள்ளி ஆடு அடைக்கிறவர் சொல்லும் பட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

துணிக்கீற்றுப் பட்டி உலகம் சுற்றியிருக்கிறது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை துணியைச் சுற்றிக் கட்டும் வழக்கத்தை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படையினர், அதை இந்திப் பெயரோடு எடுத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போரின் பழைய புகைப்படங்களில் பதுங்குகுழிச் சேற்றில் நிற்கும் சிப்பாய்களின் காலைப் பாருங்கள். சுற்றியிருப்பது அந்தப் பட்டிதான். ஆங்கில அகராதியில் அது இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கொங்குநாட்டில் இந்த இரண்டு குடும்பங்களும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டம் கட்டுதல் என்பது நெற்றியில் பொன்தகடு கட்டித் தலைமை கொடுப்பது. அந்தப் பட்டம் வடமொழிப் ‘பட்ட’த்தோடு சேர்ந்த சொல். அதிலிருந்து பட்டக்காரர். காங்கேயம் மாட்டினத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது நாடறிந்தது. பட்டக்காரரின் பட்டியில் காங்கேயம் மாடு நின்றது என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களும் வேறு வேறு கிளைகள். ஒன்று நெற்றித் தகட்டிலிருந்து வந்தது, மற்றொன்று படலிலிருந்து.

பெயிண்டர் பார்த்த பட்டிக்கு வருகிறேன். சுவரில் பள்ளம் மேடு தெரியாமல் இழுக்கும் அந்த மாவு ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்தது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சுக்காரரிடமிருந்து போனது. பிரெஞ்சில் ‘பொத்தே’ என்பது பானையில் கொள்ளும் பொருள். பாத்திரம் பளபளக்கத் தேய்க்கும் வெள்ளீயச் சாம்பலுக்கும் அந்தப் பெயர் இருந்தது. பானை என்ற சொல்லில் பிறந்தது, பாரிஸிலிருந்து லண்டன் வழியாகக் கோவைக்கு வந்து, நம் நாக்கில் பட்டி ஆகிவிட்டது. தமிழ்க்காரர் வாயில் அது நன்றாகப் பொருந்தியதற்குக் காரணம், பட்டி என்ற ஓசை ஏற்கெனவே நமக்குப் பழக்கமாக இருந்ததுதான். புதுச்சொல் பழைய செருப்புக்குள் கால் நுழைத்துக்கொண்டது.

இத்தாலிய மொழியிலும் ‘பத்தி’க்கும் ‘பட்டி’க்கும் நடுவில் ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது. ஒப்பந்தங்கள் என்று பொருள். 1929 பிப்ரவரி 11 அன்று இத்தாலி அரசும் போப்பாண்டவர் பீடமும் கையெழுத்திட்டு வாடிகனைத் தனி நாடாக்கிய லேட்டரன் உடன்படிக்கைகளுக்கு இத்தாலியப் பெயரில் அந்தச் சொல்தான் முன்னால் நிற்கிறது. இலத்தீன் ‘பாக்டும்’ என்பதில் ககரமும் டகரமும் மோதி, ஒரே மெய் இரட்டித்துப் பிறந்த வடிவம் அது. சிசிலித் தீவில் அதே ஒலியில் ஓர் ஊரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா கொண்டாடிய இசைநாடகப் பாடகி அடெலினாவின் (1843–1919) குடும்பப் பெயரும் அதுவே. சிசிலியில் ‘பட்டி’ என்று ஓர் ஊர் இருக்கிறது, ஆகவே அங்கே தமிழ் இடையர் குடியேறினர் என்று நாளை யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள்.

ஆங்கில எழுத்து இந்தக் குழப்பத்தை இன்னும் பெரிதாக்குகிறது. பாட்டி, பட்டி, பத்தி மூன்றையும் ஒரே மாதிரி எழுத அதனால் முடியும். இந்தியில் தேயிலைக்கும் சீட்டுக்கட்டின் சீட்டுக்கும் சொல்வது ‘பத்தி’. இலை என்ற பொருளுள்ள ‘பத்ர’ என்பதிலிருந்து வந்தது. பல்லில் நாக்குப்படும் தகரம். புண்ணுக்குக் கட்டுவது ‘பட்டி’; அண்ணத்தில் நாக்கு மடங்கும் டகரம். மூன்று சீட்டு ஆட்டத்தை ஆங்கில எழுத்தில் படித்துவிட்டு ‘தீன் பட்டி’ என்று தமிழில் எழுதுகிறவர்கள், கையில் ட, த என்று இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டே தவறு செய்கிறார்கள்.

தெலுங்கில் நிலைமை வேறு. அங்கே ‘பட்டி’ என்றால் பிள்ளை, செல்லக் குழந்தை. காலில் அணியும் கொலுசுக்கு அங்கே ‘பட்டீலு’. ‘பட்டு’ என்ற வினையிலிருந்து ‘பிடித்து’ என்ற பொருளிலும் பட்டி வரும். கோவையில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டு முற்றத்தில் பேத்தியின் காலில் ஒரு பட்டியும், தாத்தாவின் தோட்டத்தில் ஒரு பட்டியும், இரண்டும் அவர்கள் பேச்சில் இயல்பாக இருக்கும். யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சொற்கள் அகராதியில் வரிசையாக நிற்கும்போதுதான் நமக்குக் குழப்பம். வாழும் இடத்தில் அவற்றுக்கு அவற்றின் இடம் தெரியும்.

வாளையாற்றுக்கு அந்தப்புறத்து நாய் மட்டும் எளிதில் பிடிபடவில்லை. மலையாளத்தில் பட்டி என்றால் தொழுவும் உண்டு, நாயும் உண்டு. தொழுவு நாயானது எப்படி? பட்டி நாய் என்று சொல்லிச் சொல்லி, நாய் உதிர்ந்து பட்டி மட்டும் நின்றது என்பது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. பழந்தமிழ் வழக்கில் பட்டிமாடு என்றால் கட்டுக்கு அடங்காமல் ஊர்மேயும் மாடு. பட்டி என்றால் அடங்காதவன் என்றும் பொருள். அடைக்கும் இடத்துக்கும் அடைபட மறுக்கும் உயிருக்கும் ஒரே பெயர். பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடத்தையும் பட்டி என்றார்கள் என்பதை நினைத்தால், பட்டிக்குப் போகவேண்டிய மாடு பட்டிமாடு ஆனது விளங்கும். தெருவில் திரியும் நாய்க்கும் அந்தப் பெயர் அந்த வழியில் போயிருக்கலாம். என் சாய்வு முதல் வழியின் பக்கம். ஆடு வளர்க்கும் எந்தக் காட்டிலும் நாய் இல்லாத பட்டி கிடையாது.

ஊர்மாட்டை அடைக்கும் பட்டிக்கு இன்னொரு பெயர் பவுண்டு. கால்நடை அத்துமீறல் சட்டம் 1871இல் வந்தபிறகு ஊருக்கு ஊர் பவுண்டு வந்தது. இந்தப் பவுண்டும் ஆங்கிலேயரின் பணமாகிய பவுண்டும் ஒன்றா? இல்லை. பணப் பவுண்டு எடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாட்டுப் பவுண்டு அடைப்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். நம் பட்டிக்கு நேர்ந்ததே அவர்கள் பவுண்டுக்கும் நேர்ந்திருக்கிறது, அதுவும் அதே மாட்டு அடைப்பில்.

பட்டி ஊரானதற்குச் சான்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. கோவில்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று தெற்கே போகப்போகப் பெருகும். கொங்கில் பாளையங்கள் அதிகம், என்றாலும் பட்டிகளுக்குக் குறைவில்லை: கோலார்பட்டி, பெரியபட்டி, கள்ளிப்பட்டி, பள்ளப்பட்டி. புஞ்சைப் புளியம்பட்டியில் வியாழன்தோறும் ஆடும் மாடும் குவியும் சந்தை, ஊர்ப் பெயரின் பழம்பொருளை வாராவாரம் நினைவுபடுத்துகிறது. புளி, கள்ளி, உசிலை என்று மரஞ்செடிப் பெயர்கள் பட்டியோடு சேர்ந்து வருவதைக் கவனியுங்கள். மேய்ப்பர் ஓர் இடத்துக்கு அடையாளம் சொல்வது அப்படித்தான். புளியமரத்துப் பட்டி, கள்ளியோரப் பட்டி. படல் ஒருநாள் எடுக்கப்படாமல் அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு சாளை எழுந்தது. பெயர் ஊருக்கு ஆயிற்று.

பட்டினம் என்ற சொல்லையும் திராவிட அகராதி இந்தப் பட்டியின் குடும்பத்திலேயே வைக்கிறது. 1972இல் வந்த ‘பட்டிக்காடா பட்டணமா’ என்ற படத்தின் தலைப்பு நாகரிகத்தின் இரு துருவங்களை எதிரெதிரே நிறுத்துகிறது. அந்தத் துருவங்களின் வேர் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். இடையர் அடைப்பும் கடற்கரை நகரமும் முதலில் ‘மக்கள் கூடித் தங்கும் இடம்’தான்.

பட்டிமன்றத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஊர்ப்பட்டிகளில் கூடி வாதிட்டதால் பட்டிமன்றம் என்று விளக்குகிறார்கள். சிலப்பதிகாரம் காட்டும் பட்டிமண்டபம் மகத மன்னன் சோழனுக்குக் கொடுத்தது. மணிமேகலை காட்டுவது கற்றோர் ஏறி வாதிடும் இடம். ஆட்டுப்புழுக்கை வாசம் அங்கே இல்லை.

பேரூருக்குப் போவோம். கோவைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் பட்டீசுவரர் கோயிலின் இறைவன் பெயர் பட்டிநாதர். காமதேனுவின் கன்று பட்டி, புற்றை மிதித்தபோது சிவலிங்கத்தின்மேல் பட்ட குளம்படி இன்றும் இருக்கிறது என்பது தலவரலாறு. கச்சியப்ப முனிவர் பாடிய பேரூர்ப் புராணம் இதை விரிக்கிறது. கும்பகோணம் பக்கத்துப் பட்டீசுவரத்திலும் காமதேனுவின் மகள் பட்டி பூசித்தாள் என்றே கதை. பசுவுக்கே பட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கதையில் கன்றின் பெயரால் கோயிலுக்குப் பெயர். சொல்லின் கண்ணோடு பார்க்கிறவனுக்கு வேறொன்றும் தெரிகிறது. மேய்ச்சல் நிலத்தின் நடுவில், பட்டிகளின் நடுவில் எழுந்த இறைவனை மக்கள் பட்டிக்கு இறைவன் என்று அழைத்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. புராணம் பிறகு பெயருக்குக் கதை கொடுத்தது. குளம்படியைத் தாங்கிய தெய்வம் ஆடுமாடு வளர்ப்பவர்களுக்கு எவ்வளவு நெருக்கமான தெய்வம்! அந்த நெருக்கம் கதையின் பெருமையைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை.

அந்த நெருக்கத்தைத் தை மாதத்தில் பார்க்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் மாட்டுப் பொங்கல் என்பதைக் கொங்கில் பட்டிப் பொங்கல் என்பார்கள். பட்டிக்குள் சாணத்தால் கரைகட்டிச் சின்னத் தெப்பக்குளம் செய்து, நீர் நிறைத்து, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைப்பார்கள். பொங்கல் பொங்கியதும் பட்டி பெருகட்டும் என்று கூவுவார்கள். பிறகு மாட்டையோ கன்றையோ ஓட்டிவந்து குளத்தை மிதித்துக் கடக்கவிடுவார்கள். பேரூரில் இறைவன்மேல் பட்ட குளம்பு, இங்கே வருசா வருசம் சாணிக் கரையில் படுகிறது. இந்தக் கொங்குச் சொல்லை அப்படியே வைத்திருப்பவர்கள் ஈழத் தமிழர். அவர்களுக்கும் அது பட்டிப் பொங்கல்தான். அதே ஈழத்தமிழில் கார் இருக்கை வார் ‘ஆசனப் பட்டி’, கழுத்தில் கட்டுவது ‘கழுத்துப் பட்டி’. தொழுவமும் துணிக்கீற்றும் அங்கேயும் அருகருகே வாழ்கின்றன. சிங்களத்தில் மாட்டு மந்தை ‘கவ பட்டிய’. கால்நடையோடு சொல்லும் மொழிகடந்து போயிருக்கிறது.

பட்டி ஏதோ பழஞ்சொல், அகராதிக்குப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரி 27 அன்று ஈரோடு கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களைக் கூட்டிவந்து பந்தல்களில் நாள் முழுக்க உட்கார வைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. பட்டியில் அடைக்கிறார்கள் என்ற சொல்லால்தான் அது பேசப்பட்டது. ஈரோட்டுக்காரருக்கு அந்தச் சொல்லின் கொடுக்கு உடனே புரியும். தீனி போட்டு, படல் சாத்தி, எண்ணிப் பார்த்து, காலையில் ஓட்டிக்கொண்டு போவது. மனிதரைப் பற்றி அப்படிச் சொல்லநேர்ந்தது வருத்தம். சொல் தன் முழுப் பொருளோடு உயிரோடிருந்தது என்பது உண்மை.

இன்னொரு இடத்திலும் அது உயிரோடிருக்கிறது, அதுவும் துயரத்தோடு. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கங்களில் அண்மை ஆண்டுகளாகத் தெருநாய்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து செம்மறிகளைக் கடித்துக் கொல்கின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். நான் பார்த்த பெரியவர் படலுக்கு வெளியே நைலான் வலையும் சுற்றியிருந்தார்.

“முந்தியெல்லாம் நரிக்குத்தானுங்க பயம். இப்ப நாய்க்கு.” அவர் கயிற்றுக் கட்டிலைப் பட்டிக்கு வெளியே, படலை ஒட்டிப் போட்டிருந்தார். ராத்திரி அங்கேதான் படுக்கை.

அன்று கிளம்புமுன் அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆடு, படல், கொடாப்பு, மேய்ச்சல், நோய், வேலி என்று அவர் பேசப்பேச, எனக்குத் தெரியாத சொற்கள் வந்துகொண்டே இருந்தன. இதே போல், திருச்செங்கோட்டுப் பக்கம் ஆடுமாடு கட்டும் வளவுக்குத் ‘தொண்டுப்பட்டி’ என்று பெயர்; பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலில் காளியின் பொழுது கழிவது அங்கேதான். கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றையும் பெருமாள்முருகன் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். தனி ஒருவர் கையால் செய்த அருமையான வேலை அது. ஒரு வட்டாரத்தின் சொல்லையெல்லாம் ஒருவரே அள்ளிவிட முடியாது. கொறங்காடுகள் மனைகளாகின்றன, காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் போகின்றன. படல் நடத் தெரிந்தவரின் பிள்ளைகள் திருப்பூரில் துணிப் பட்டி தைக்கிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆட்டுப் பட்டியைச் சுற்றியுள்ள ஐம்பது அறுபது சொற்கள் இந்த ஒரு தலைமுறையோடு போய்விடும். அவை போய்விட்டால், ஹட்டியும் பட்டியும் உறவு என்று நூலில் படிக்கலாம். பட்டி என்றால் என்ன என்று காட்ட ஆள் இருக்காது.

வரும் தையில் பட்டிப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அப்பச்சியையோ அமுச்சியையோ பட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன ஒலியிலேயே, திருத்தாமல், ஊர்ப் பெயரையும் தேதியையும் போட்டு எழுதி வையுங்கள்.